பார்கோவின் இடது பக்கம்

ஷிபோஷ் லோராந்த் எங்கள் ஊர் வாட்டர் போலோ அணியில் பதினோரு வருடம் இருந்தான். அந்தப் பதினோரு வருடத்தில் போட்டி நடக்கிற நேரத்தில் அவன் தண்ணீருக்குள் இருந்தது மொத்தம் பத்தொன்பது நிமிடம். இது அவன் சொன்ன கணக்கில்லை. அவன் மனைவி எமோக்கே சொன்னது.

"பத்தொன்பது நிமிஷத்துல முட்டைக்கோஸ்கூட வேகாது. இதுக்கா இந்த மனுஷன் தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுது?" என்று வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். லோராந்துக்குக் கோபம் வராது. அவனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. டவுன்பஸ் இரண்டாம் நம்பரை ஓட்டினான். ரயிலடியிலிருந்து வெந்நீர்க் குளம் வரை, திரும்ப ரயிலடி வரை. யாராவது கிழவி தூரத்தில் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்திக் காத்திருப்பான். ஆள் அவ்வளவுதான்.

கோல் காக்கிறவன் தலையில் மட்டும்தான் சிவப்புத் தொப்பி. அணியில் அப்படி இரண்டு தொப்பி உண்டு. ஒன்றாம் எண் பார்கோவுக்கு. பதின்மூன்றாம் எண் லோராந்துக்கு. பார்கோவுக்கு ஏதாவது ஆனால்தான் லோராந்த் இறங்க முடியும். அந்தப் பத்தொன்பது நிமிடம் தவிர பார்கோவுக்கு எதுவும் ஆகவில்லை. காய்ச்சல்கூட போட்டி இல்லாத வாரமாகப் பார்த்து வந்துவிட்டுப் போகும்.

பார்கோ என்றால் பார்கோட்சி திஹமேர். முழுப்பெயரை அஞ்சல்காரர் மட்டும்தான் சொல்வார். தேசிய அணியில் நின்று உலகத் தங்கம் வாங்கி வந்தவன். புடாபெஸ்ட் கிளப்புகள் மூன்று முறை காரோடும் வீட்டோடும் வந்து கூப்பிட்டன. "எனக்கு திசா ஆத்து மீன் சூப் இல்லாம இறங்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்காக கெரெக்வார் ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. இறைச்சிக் கடைக்காரர் தன் கடையிலேயே நீளமான மிளகாய் சாஸேஜுக்கு 'பார்கோ' என்று பெயர் வைத்தார், அவன் கை நீளத்துக்குப் பொருத்தமாம். ஜனவரியில் பன்றி வெட்டுகிற சனிக்கிழமைகளில் அவனை முதல் கோப்பை பாலிங்கா சாராயத்துக்குக் கூப்பிட நாலு வீடுகள் அடித்துக்கொள்ளும். ரொட்டிக் கடை வரிசையில் அவன் நின்றதே இல்லை, வரிசை தானாகப் பிளந்து வழி விடும். ஒரே வருடத்தில் ஊரில் ஐந்து குழந்தைகளுக்குத் திஹமேர் என்று பெயர் விழுந்தது, அதில் ஒன்று பெண் குழந்தையாக இருந்திருக்க வேண்டியது என்று பாதிரியாரே கேலி செய்தார். எல்லாம் இருந்தும் ஒரு குறை இருந்தது. உலகத் தங்கம் வாங்கியவன் நிற்கிற ஊருக்கு உள்நாட்டு லீக் கோப்பை கிடைத்ததில்லை. இருபத்தாறு வருடமாக வாசல் வரை வந்து வந்து போனது.

லோராந்தின் வேலை என்னவென்று வெளியே யாருக்கும் தெரியாது. தினமும் காலை ஆறு மணிக்கு, மற்றவர்கள் நீச்சலில் நுரை தள்ளிக்கொண்டிருக்கும்போது, அவன் பார்கோவின் கோலை நோக்கி நூறு பந்து எறிவான். ஐந்து மீட்டரிலிருந்து முப்பது, ஓரத்திலிருந்து முப்பது, மீதி எங்கிருந்து வேண்டுமானாலும். அப்படிப் பதினோரு வருடம். பார்கோவின் கை எந்தப் பந்துக்கு எவ்வளவு உயரும், எந்தப் பந்துக்கு இடுப்பு எவ்வளவு வெளியே வரும் என்பதை லோராந்த் அறிந்த மாதிரி பார்கோவின் பெண்டாட்டிகூட அறிந்திருக்க மாட்டாள். அவனுக்குப் பெண்டாட்டியும் இல்லை, அது வேறு விஷயம்.

அந்த வருடம் பிப்ரவரியில் லோராந்துக்கு முதலில் ஏதோ உறுத்தியது.

எங்கள் குளம் திறந்தவெளிக் குளம். கீழே பூமியிலிருந்து வருகிற வெந்நீர், மேலே பனி. குளிர்காலத்தில் தண்ணீரிலிருந்து எழும்புகிற ஆவியில் எதிரே நிற்கிறவன் தலை மட்டும் மிதக்கும், உடம்பு தெரியாது. அந்த ஆவிக்குள் லோராந்த் எறிந்த பந்துகள் பார்கோவின் இடது கம்பத்தை ஒட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒன்று போனால் தப்பு. இரண்டு போனால் தூக்கக் கலக்கம். அன்று ஒன்பது போயின.

"என்னடா இது?" என்றான் லோராந்த்.

"ஆவிடா கிழவா. உன் மூஞ்சியே தெரியல. அது ஒருவகையில நல்லதுதான்."

இரண்டு பேருக்கும் வயது முப்பத்து மூன்று. பார்கோ அவனைக் கிழவா என்றுதான் கூப்பிடுவான், இருபத்திரண்டு வயதிலிருந்தே. லோராந்த் சிரித்துவிட்டு அடுத்த பந்தை எடுத்தான். ஆனால் வலது கம்பத்தை ஒட்டி எறிந்தவை ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆவி இரண்டு பக்கமும்தானே இருக்கிறது? வீட்டுக்குப் போய் எமோக்கேயிடம்கூட இதைச் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நிஜமாகிவிடுமோ என்ற பயம்.

ஒரு வாரம் பொறுத்தான். பிறகு உடை மாற்றும் அறையில் பார்கோ காலணி நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் இடது பக்கமாகப் போய் நின்று, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சத்தமில்லாமல் ஒரு ஆரஞ்சுப் பழத்தை நீட்டினான். பார்கோ நாடாவைக் கட்டி முடித்தான். எழுந்தான். பழம் அவன் கன்னத்தில் இடித்தது. அப்போதுதான் திடுக்கிட்டான்.

"எத்தனை நாளா?" என்றான் லோராந்த்.

பார்கோ பழத்தை வாங்கி உரிக்க ஆரம்பித்தான். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடிலேர்ந்து. முதல்ல மின்னல் மாதிரி வெட்டுச்சு. அப்புறம் ஓரத்துல கறுப்பா ஏதோ. இப்ப பாதி ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரி இருக்கு." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான். "யார்ட்டயாவது சொன்னே, உன்னை திசாவுல அமுக்கிடுவேன்."

"டாக்டரைப் பார்க்கணும்டா."

"நான் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினா, டாக்டர் கதவைத் திறக்கறதுக்குள்ள ரொட்டிக் கடையில சேதி வந்துடும்."

அது உண்மைதான். பிரபலம் என்பது எங்கள் ஊரில் அப்படித்தான், ஆளுக்குத் தும்மல் வந்தால் ஊருக்கே மூக்கு அரிக்கும். ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். தூரத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவது, பார்கோவின் பெயரில் போகாமல் லோராந்தின் காப்பீட்டு அட்டையில் போவது. அந்த அட்டையில் பெயரும் எண்ணும்தான் இருக்கும், படம் கிடையாது. யோசனை சொன்னது பார்கோ. அட்டையை எடுத்து நீட்டியது லோராந்த். கேட்டதைக் கொடுத்தே பழகிய கை.

போகிற அன்று பார்கோ கார் சாவியைத் தூக்கி லோராந்திடம் எறிந்தான். அந்தக் காரின் கதவைக்கூட வேறு யாரையும் தொட விடாதவன். "நீ ஓட்டு" என்றான். லோராந்த் இரண்டு மணி நேரம் ஓட்டினான். வயல்களில் பனி உருகி, காக்கைகள் சேற்றில் நடந்துகொண்டிருந்தன.

ஹங்கேரி முழுக்கத் தேடினாலும் வாட்டர் போலோ பார்க்காத ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தார். கண் டாக்டரம்மா அறுபது வயதுக்காரி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவள். பார்கோவின் முகம் அவளுக்கு ஒரு முகம், அவ்வளவுதான். லோராந்த் பக்கத்தில் நாற்காலியில் தம்பி மாதிரி உட்கார்ந்துகொண்டான்.

"ஷிபோஷ் லோராந்த். சரி. என்ன வேலை பார்க்கறீங்க?"

"பஸ் டிரைவர்" என்றான் பார்கோ, கூசாமல்.

"விளையாட்டு ஏதாவது உண்டா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பார்கோவுக்கு அந்தப் பொய் மட்டும் வாயில் வரவில்லை. "வாட்டர் போலோ. கோல்கீப்பர்."

லோராந்த் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தான்.

"நல்லா ஆடுவீங்களா?"

"நாட்டுலயே நான்தான்."

"அப்படியா? எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. எந்த ஊர் கிளப்?"

"கெரெக்வார்."

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டாள். மருந்து விட்டு, விளக்கு வைத்து, கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

"இடது கண்ணுல விழித்திரை கிழிஞ்சு தொங்குது. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணினா பாதியாவது தப்பிக்கும். வலது கண்ணும் அதே துணிதான், அங்கங்க மெலிஞ்சு கிடக்கு. இனிமே தண்ணியில இறங்கக்கூடாது. ஒரே ஒரு பந்து முகத்துல பட்டாலும் போச்சு. புரியுதா ஷிபோஷ்? எந்தக் கண்ணுன்னு பந்து பார்த்துக்கிட்டு வராது."

அந்த நேரத்தில் லோராந்தின் மனதுக்குள் ஒன்று நடந்தது. அதை அவன் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் இறங்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும், அப்படியானால் யார் நிற்பது என்ற கேள்வி எழுந்து, நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. சந்தோஷம். சுத்தமான சந்தோஷம். அடுத்த மூச்சிலேயே அவமானம் வந்து அதை அமுக்கிவிட்டது. பக்கத்தில் நண்பனுக்குக் கண் போகிறது, இவனுக்குத் தொப்பி ஞாபகம். சீ என்று தன்னையே நினைத்துக்கொண்டான். பிறகு நடந்த அத்தனைக்கும் அந்த ஒரு துள்ளல்தான் காரணம் என்பேன் நான். அது அவன் வாயைக் கட்டிவிட்டது. எதைச் சொன்னாலும் அந்தச் சந்தோஷம்தான் பேசுகிறதோ என்று அவனுக்கே சந்தேகம்.

காரில் பார்கோ சொன்னான், "மே மாசம் ஃபைனல். பன்னெண்டு வாரம். ஃபைனல் முடிஞ்ச மறுநாளே போய்ப் படுத்துக்கிறேன், அந்தம்மா எதை வேணா வெட்டட்டும்."

"அதுக்குள்ள போயிடும்டா."

"போனா போகட்டும். இன்னொண்ணு இருக்குல்ல? கிழவா, நான் கோல்ல நிக்கலைன்னா நான் யாரு? சொல்லு பார்ப்போம். கை நீளமா இருக்கற ஒரு ஆளு. அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் கழித்து, "நீ நின்னா நாம ஜெயிக்க மாட்டோம். அது உனக்கும் தெரியும்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்று பட்டது.

ஊர் எல்லை வந்தபோது லோராந்த், "அப்ப உன் இடது பக்கத்தை நான் பார்த்துக்கறேன்" என்றான்.

அப்படி ஆரம்பித்தது அந்த வேலை. பெஞ்சில் கோலுக்கு மிக அருகிலுள்ள மூலையில் லோராந்த் உட்காருவான். பந்து பார்கோவின் இடப்பக்கம் போனால் "இடது!" என்று கத்துவான். அங்கே எவனாவது எறியக் கையைத் தூக்கினால் "கை!" என்பான். அந்தக் குரலுக்குப் பார்கோ தலையைத் திருப்பாமலே இடது கையை வீசுவான். தொப்பியின் காதுப்பக்கம் பந்தடி தாங்க பிளாஸ்டிக் மூடி உண்டு, அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். லோராந்த் பேனாக்கத்தியால் இரண்டு காது மூடியிலும் ஓட்டைகளைப் பெரிதாக்கிக் கொடுத்தான். பஸ் ஓட்டுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தொண்டைக்குத் தேன் விட்ட கெமோமில் பூ டீ.

எமோக்கே விடுவாளா? "பெஞ்சுல உட்கார்றவனுக்குத் தொண்டை கட்டுதாம். நாளைக்குப் பார்வையாளருக்குக் கால் சுளுக்கும்."

அணி ஜெயித்தது. மார்ச் முழுக்க ஜெயித்தது. கொடுமை என்னவென்றால், பார்கோவின் புகழ் முன்னைவிட ஏறியது. 'இடது பக்கம் வரும் பந்தை அவர் பார்ப்பதேயில்லை, உணர்கிறார்' என்று பேப்பரில் எழுதினார்கள். ஊர்ப் பையன்கள் குளத்தில் வலது பக்கமே பார்த்துக்கொண்டு இடது கையை வீசிப் பழகினார்கள். மூக்கில் பந்து வாங்கிக்கொண்டு அழுதபடி வீட்டுக்குப் போனார்கள். லோராந்த் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோரும் இதையே பேசினார்கள்.

"ஏன் லோரி, நீ கூடவே இருக்கியே, உனக்கு அதுல கொஞ்சமாவது ஒட்டிக்கலையா?" என்றாள் பால்கார அம்மாள்.

"ஒட்டலைங்க" என்று கியர் போட்டான்.

ஏப்ரலில் குளிர் விட்டது. தண்ணீரின் மேலிருந்த ஆவி மெலிந்து, ஒருநாள் காலை இல்லாமலே போய்விட்டது. குளம் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. மற்ற எல்லோரும் வசந்தம் வந்துவிட்டதென்று கூத்தாடினார்கள். லோராந்துக்கு மட்டும் உடம்பு சில்லிட்டது. அன்று எறிந்த முதல் இருபது பந்தில் அவன் கண்டது, திரை பாதி ஜன்னலோடு நிற்கவில்லை. முழுக்க இறங்கிவிட்டது. அதைவிட மோசம், நேராக வந்த ஒரு பந்துக்கும் பார்கோவின் கை கொஞ்சம் தாமதமாகவே எழுந்தது.

ஃபைனலுக்கு முந்தைய ஞாயிறு, ஆற்றங்கரையில் அணிக்கு மீன் சூப் விருந்து. மேயர் பேசினார். கொப்பரைக்குக் கீழே விறகு எரிந்தது. பார்கோவைச் சுற்றிக் கூட்டம், ஆளாளுக்குத் தோளைத் தட்ட. ஒரு சின்னப் பெண் அவன் இடது பக்கம் பூங்கொத்தை நீட்டிக்கொண்டே நின்றாள், நின்றாள், கடைசியில் அழுதுவிட்டாள். "நட்சத்திரம் ஆயிட்டான்ல, கீழே பார்க்க மாட்டான்" என்று சிரித்தார்கள். அதற்குள் பார்கோ பேசிக்கொண்டே சாய்ந்துகொள்ள இடம் தேடி இடது கையைக் கொப்பரையின் விளிம்பில் வைத்தான். தோல் பொசுங்கியது. "பாலிங்கா ஜாஸ்தியாயிடுச்சு!" என்று அவனே கத்தி எல்லோரையும் சிரிக்க வைத்தான். லோராந்த் அந்தக் கையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது முடிவு செய்தான். துள்ளின நெஞ்சு துள்ளிவிட்டுப் போகட்டும். ஊர் பொறாமைக்காரன் என்று காறித் துப்பினாலும் துப்பட்டும். இவனுக்கு வலது கண்ணாவது மிஞ்ச வேண்டும்.

வியாழக்கிழமை கோச் ஹல்மோஷின் அறைக்குப் போனான். எழுபது வயது, பயங்கரமான மீசை, வீரர்கள் எல்லோருக்கும் அவர் 'பாச்சி'. பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"பாச்சி, பார்கோவுக்கு இடது கண்ணு தெரியல. சனிக்கிழமை அவனை இறக்காதீங்க."

ஹல்மோஷ் அவனை நிதானமாகப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆஸ்பத்திரி முத்திரை. கிளப் முகவரிக்கு வந்தது. ஷிபோஷ் லோராந்த், கோல்கீப்பர், இடது கண் விழித்திரை கிழிசல், விளையாடத் தகுதியில்லை என்று இருந்தது.

"ரெண்டு மாசமா என் டிராயர்ல இருக்கு. உனக்காகத்தான் வெளியே விடல. இது மேலே போச்சுன்னா உன் பஸ்ஸையும் பிடுங்கிடுவாங்க, தெரியுமா? நான் ஒரு வார்த்தை கேட்டேனா? எப்படியும் தண்ணியில இறங்கப் போறதில்ல, பெஞ்சுல உட்கார ஒரு கண்ணு போதும்னு விட்டுட்டேன். இப்ப உன் நோயைத் தூக்கி அவன் தலையில வைக்கறியா?"

"அது அவன் கண்ணு பாச்சி! என் அட்டையில அவன் போனான்!"

"ஓஹோ. உலகச் சாம்பியன், உன் பேர்ல."

பார்கோவைக் கூப்பிட்டு அனுப்பினார். பார்கோ வந்து கதவருகே நின்றான், கையில் தீக்காயக் கட்டு. காகிதத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. லோராந்த் அவன் முகத்தையே பார்த்தான். ஒரு வார்த்தை போதும். சுவர்க்கடிகாரம் ஓடியது. வெளியே யாரோ குளத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கிழவன் பாவம், பாச்சி" என்றான் பார்கோ. "பதினோரு வருஷமா உட்கார்ந்தே இருக்கான். விட்டுடுங்க."

லோராந்துக்கு முகம் எரிந்தது. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "பாச்சி, வலது கண்ணை மூடிக்கிட்டு அந்தச் சுவத்துல இருக்கற எழுத்தைப் படிச்சுக் காட்டறேன், அவனையும் படிக்கச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தான். ஹல்மோஷ் கையைத் தூக்கினார்.

"போதும். எனக்கு யார் கண்ணும் தெரிய வேண்டாம். சனிக்கிழமை கோப்பை வேணும். இருபத்தாறு வருஷம்டா. போ, ஏதாவது குடிச்சுட்டுத் தூங்கு."

அவருக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுத்தைப் படிக்கச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடத்துக்கு அந்த அறையில் யாருக்கும் தைரியம் இல்லை. ஊர் ஆசைப்பட்டுவிட்டால் அப்படித்தான், கண்ணுள்ளவனும் பார்க்க மாட்டான்.

வெளியே நடைபாதையில் பார்கோ பின்னாலேயே வந்தான். "கோவிச்சுக்காதடா. ஒரே ஒரு மேட்ச். சனிக்கிழமை கத்துவியா மாட்டியா?"

லோராந்த் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வீட்டில் எமோக்கேயிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. சமையல் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"போகாத லோரி. நீ இல்லைன்னா அவனுக்கு நிக்கற துணிச்சல் வராது. உன் குரலை நம்பித்தான் அவன் நிக்கறான்."

"நான் இல்லாட்டியும் நிப்பான்டி. உனக்கு அவனைத் தெரியாது. குருடனா நிப்பான்."

சனிக்கிழமை மதியமே டீ போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

மாலை நான்கு மணிக்கு ஆட்டம். கெரெக்வாரில் அன்று நாய் பூனைகூட வீட்டில் இல்லை. குளத்தைச் சுற்றி மரப்படிகள் நிறைந்து, பின்னால் உள்ள செஸ்நட் மரங்களிலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். எதிரே புடாபெஸ்ட் அணி. அவர்களிடம் கெந்தெ என்று ஒரு இடதுகைக்காரன். இடதுகைக்காரர்கள் எறிவது கோல் காக்கிறவனுக்கு இடது பக்கத்திலிருந்துதான். அவன் பார்கோவைப் பார்த்துத் தண்ணீருக்குள்ளிருந்து மரியாதையாகத் தலையைச் சாய்த்தான்.

முதல் பாதியில் பெஞ்சு பார்கோவின் வலப்பக்கம் இருந்தது. தூரத்துப் பக்கத்தைப் பார்த்துக் கத்த வேண்டியிருந்தது. ஆனாலும் நடந்தது. "இடது! கை!" கை எழும்பும், பந்து தெறிக்கும். ஒவ்வொரு தடவையும் கூட்டம் எழுந்து நின்றது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி, பெஞ்சு பார்கோவின் இடது கைப்பக்கம் வந்தது. லோராந்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பந்து வருகிற பக்கத்திலிருந்தே குரலும் போகும்.

கடைசி நிமிடத்தில் ஒன்பதுக்கு எட்டு, எங்களுக்குத்தான் முன்னணி. இருபது வினாடி இருக்கும்போது நடுவர் விசில் ஊதி எங்கள் ஆள் ஒருவனை வெளியே அனுப்பினார். தண்ணீருக்குள் அவர்கள் ஆறு பேர், எங்களவர்கள் ஐந்து.

அப்போதுதான் ஊர் அந்தக் காரியத்தைச் செய்தது. யாரோ ஒருவன் டிரம்மைத் தட்டினான். "பார்-கோ!" என்று ஆயிரம் பேர். டிரம். "பார்-கோ!" என்று மூவாயிரம் பேர். மரத்திலிருந்தவர்கள், பால்கார அம்மாள், பாதிரியார், மேயர், பூங்கொத்து வைத்திருந்த சின்னப் பெண், எல்லோரும். அத்தனை அன்பு. மரப்படிகள் அதிர்ந்தன.

லோராந்த் கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

பந்து வலது மூலையிலிருந்து நடுவுக்கு வந்தது, நடுவிலிருந்து கெந்தெயிடம் போனது. "இடது! இடது!" லோராந்த் பெஞ்சைவிட்டு எழுந்து ஓரத்துக்கே ஓடினான். கெந்தெ இடுப்புவரை எழும்பி இடது கையைத் தூக்கினான். "கை! திஹமேர், கை! கை!" கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. "பார்-கோ! பார்-கோ!" என்றது ஊர்.

குரல் வராததால் பார்கோ குரலைத் தேடினான். தலையைத் திருப்பினான். வாயசைவாவது தெரியுமா என்று, இருக்கிற ஒரே கண்ணால் லோராந்தைப் பார்த்தான். ஒரு நொடி இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பார்கோவின் முகத்தில் கோபமில்லை, பயமில்லை. பஸ்ஸைத் தவறவிடப் போகிறவனின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. லோராந்த் அதைக் கண்ணாடியில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான்.

பந்து அவன் முகத்தின் வலது பக்கத்தில், கண்ணோடு சேர்த்து அறைந்தது. அங்கிருந்து மேலே எழும்பி, கம்பத்தில் பட்டு, எங்கள் ஆளின் கையில் விழுந்தது. ஆட்டம் முடிந்த ஹாரன் அடித்தது.

முகத்தால் தடுத்துவிட்டான் என்று ஊர் வெறிபிடித்து ஆடியது. வீரர்கள் ஹல்மோஷைத் தூக்கி மீசையோடு தண்ணீரில் எறிந்தார்கள். படிகளிலிருந்து ஜனங்கள் உடுப்போடு குதித்தார்கள். லோராந்தும் குதித்தான். பதின்மூன்றாம் எண் தொப்பியோடு, ஃபைனல் நடந்த தண்ணீரில் முதல் தடவையாக. அவன் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. கோலை நோக்கி நீந்தினான்.

பார்கோ ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். மற்றொரு கையைத் தூக்கி, ஆளே இல்லாத உடை மாற்றும் அறையின் சுவரைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது.

லோராந்த் அவன் தோளைத் தொட்டதும் கை தடவித் தடவி வந்து லோராந்தின் தொப்பியை, காது மூடியை, கன்னத்தைத் தொட்டது.

"கிழவா? உள்ள போச்சா?"

"இல்லடா. போகல. ஜெயிச்சுட்டோம்."

"அப்படியா?" பார்கோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "ஏன்டா அதுக்குள்ள இருட்டிடுச்சு?"

மணி ஐந்தேகால்தான் இருக்கும். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. லோராந்துக்குத் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. பார்கோவின் இரண்டு தோள்களையும் பிடித்து, கூட்டம் இருந்த பக்கம் மெதுவாகத் திருப்பினான்.

"இந்தப் பக்கம்டா" என்றான். "இந்தப் பக்கம் கையாட்டு."

பார்கோ கையாட்டினான். ஊர் இன்னும் சத்தமாகக் கத்தியது.